முனியாண்டிக்கு ஒரு பாஸ்

1. தொரைக்குப் பனி வேண்டும்

பெரிய தொரை ஸ்டோருக்குள் வந்தபோது நான் எஞ்சினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கிருந்த ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு நான் டிரைவர். என் பெயர் சாமிக்கண்ணு. தொரைக்கு அது வாயில் நுழையாது. அவருக்கு நான் ‘எஞ்சின்’.

“எஞ்சின், வெளியே வா. வேலை இருக்கு.”

வந்தேன். சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் ஒரு மலை வரைந்தார். உச்சியில் ஓர் ஆள், அவன் காலில் இரண்டு நீளப் பலகை.

“இவன் மேலே நிக்கும். சர்ருனு கீழே வரும். மறுபடி மேலே போகணும். நீ கயிறு இழு.”

“ஏன் தொரை, நடந்து போனா ஆவாதா?”

“நடந்தா அது விளையாட்டு இல்லை, வேலை” என்றார்.

அதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஆட்கள் காலையிலிருந்து மலை ஏறித்தான் பால்மரம் வெட்டினார்கள். ரப்பர் பால் எடுக்கிற அந்த வேலையை ஒருவரும் விளையாட்டு என்று சொன்னதில்லை.

மலாயாவில் வெள்ளைக்காரர்களும் காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளும் சண்டை போட்ட எமர்ஜென்சி காலம். ரந்தாவிலிருந்து கோலா சாவா போகும் பக்கம் எங்கள் தோட்டம். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி, கேட்டில் காவல், மாலையானால் ஊரடங்கு. காட்டில் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று அரிசிக்கு ரேஷன். மரம் வெட்டப் போகிறவள் ஒரு கவளம் சோற்றைக்கூட கேட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. பிடிபட்டால் தடுப்பு முகாம், அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல். இந்த மண்ணிலேயே பிறந்தவளாக இருந்தாலும் கப்பல்தான்.

தொரைமார்களுக்கும் பயம். எங்கும் போய்வர முடியாமல் பங்களாவுக்குள்ளேயே வெந்தார்கள். அதனால் எங்கள் தொரை தோட்டத்துக் கிளப்பையே ஒரு சின்ன டவுனாக்கினார். நீச்சல் குளம், டென்னிஸ், படம் காட்டத் திரை, ஆட ஒரு பலகைத் தரை. சனிக்கிழமை ஆனால் சிரம்பானிலிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் காவல் வண்டியோடு வந்து இறங்குவார்கள். கிளப்புக்குப் பின்னால் ஒரு குன்று. யாராவது வந்தால் சுட வசதியாக இருக்கட்டும் என்று அதன் மரங்களை எல்லாம் ஏற்கெனவே வெட்டி மொட்டையடித்திருந்தார்கள். தொரைக்கு ஊரில் பனியில் சறுக்கிப் பழக்கமாம். இங்கே பனிக்கு எங்கே போவது? தேங்காய் நாரில் தடித்த பாய் பின்னச் சொல்லி, குன்றின் மேலிருந்து கீழ்வரை விரித்து ஆணி அடித்தார். சோப்புத் தண்ணீர் தெளித்தால் பலகை வழுக்கிக்கொண்டு வரும். லயத்தில் அதற்குப் பாய்மலை என்று பேர் வைத்துவிட்டார்கள்.

2. வின்ச்

தொழில் பழகும் பிள்ளைகளுக்காக, இந்த வின்ச் எப்படிக் கயிறு இழுக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கீழே கொட்டகையில் எஞ்சின். எஞ்சின் சக்கரத்திலிருந்து ஒரு தோல் பெல்ட், கம்பிக்கயிறு சுற்றிய டிரம்முக்குப் போகும். கயிறு மலையுச்சியில் ஒரு சக்கரத்தைச் சுற்றித் திரும்பி வரும். ஒரு பக்கம் ஏறும், மறு பக்கம் இறங்கும். ஏறும் பக்கத்தில் அங்கங்கே குறுக்குக் கட்டை கட்டியிருக்கும். கட்டையைப் பிடித்தால் கயிறு ஆளை இழுத்துக்கொண்டு போகும். டிரம் பின்னால் உருண்டுவிடாமல் அதன் பல்லில் ஓர் இரும்புக் கொக்கி விழுந்து விழுந்து பிடிக்கும். அதை நான் கையால் தூக்கினால் ஒழிய, டிரம் ஓர் அங்குலம் பின்னால் போகாது.

மலையின் பாதியில் ஒரு மேடு. அதற்கு மேல் என்ன நடக்கிறது என்று கொட்டகையிலிருந்து தெரியாது. நான் காதால்தான் ஓட்டினேன். கயிற்றில் ஓர் ஆள் தொற்றினால் எஞ்சின் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு படி கீழே பேசும். இரண்டு ஆள் என்றால் இருமும். மூன்று மாதத்தில், தொற்றியது குண்டு தொரையா அவர் சம்சாரமா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இது வித்தை இல்லை. மாவாட்டுகிறவளுக்கு மாவு பதம் தெரிவதில்லையா, அதுபோல்தான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் வெற்று ஓட்டம். மறுநாள் கூட்டத்துக்காகக் கயிற்றுக்கு கிரீஸ் போட்டு, ஆள் இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். அந்த நேரத்தில் மூன்று பெண்கள் மேட்டுக்குக் கீழ்ப்பக்கம் பாய்களைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பார்கள். அவர்களில் ஒருத்தி என் அக்கா தனக்கொடி.

அக்காவின் வீட்டுக்காரர் கன்னையா மாமா எனக்கு முன்னால் அதே ஸ்டோரில் எஞ்சின் டிரைவராக இருந்தவர். தோட்டத் தொழிற்சங்கத்தில் முன்னால் நின்றவர். சங்கத்தை மூடி ஆட்களைப் பிடிக்கத் தொடங்கிய வாரத்தில் ஆளைக் காணவில்லை. “சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போயிருக்காரு” என்று அக்கா தோட்ட ஆபீஸ் கிராணியிடம் சொல்லி எழுதவைத்துக் கைநாட்டு வைத்தாள். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். அவர் காட்டில் இருக்கிறார் என்று தெரிந்தால் அக்காவும் அவளுடைய இரண்டு பெண்களும் முகாமுக்குப் போவார்கள். எனக்கு அப்பா அம்மா இல்லை. அந்த மூன்று பேர்தான் என் வீடு.

3. பெயர் முனியாண்டி, வேலை காவல்

குன்றின் உச்சியில் முனியாண்டி கல் ஒன்று நட்டு வைத்திருந்தது. குன்றை மொட்டையடித்தபோது கல்லைத் தொட ஆள் கிடைக்கவில்லை, அதனால் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டார்கள். அரிசிக்கு ரேஷன் வந்த நாளிலிருந்து முனிக்குப் படையல் இல்லை. வின்ச்சை முதன்முதலாக ஓட்டிப் பார்த்த அன்று கயிறு தெறித்து, வேலை வாங்கும் மண்டோரின் கால் முறிந்தது. மறுநாள் ஒருவரும் பாய்மலைக்கு வேலைக்கு வரவில்லை.

தொரை என்னைக் கேட்டார். “என்ன விசயம்?”

“சாமிக்குப் பசி, தொரை.”

“அது எவ்வளவு சாப்பிடும்?”

“ஒரு இலைச் சோறு, ஒரு முட்டை, ஒரு சுருட்டு. வாரத்துக்கு ஒருக்கா.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கிராணியைக் கூப்பிட்டு உணவு பாஸ் ஒன்று எழுதச் சொன்னார். பெயர் என்ற இடத்தில் முனியாண்டி, வேலை என்ற இடத்தில் காவல். தோட்டக் காவலுக்கு இருந்த போலீஸ் சார்ஜன், மலாய்க்காரர், அதில் முத்திரை குத்தினார். மனுஷனுக்குக் கிடைக்காத பாஸ் கல்லுக்குக் கிடைத்தது. ஆனால் உச்சிக்கு நடந்து போக எங்கள் ஆட்கள் யாருக்கும் அனுமதி இல்லை, பின்னால் உடனே காடு. அதனால் படையலைப் பிரம்புக் கூடையில் வைத்து, கட்டையில் கட்டி, வின்ச்சில் அனுப்புவது என்று ஏற்பாடு. கூடை உச்சிக்குப் போனதும் ஒரு சுருட்டுப் புகைக்கிற நேரம் எஞ்சினிலிருந்து பெல்ட்டை நகர்த்தி நிறுத்திவைப்பேன். பிறகு சக்கரத்தைச் சுற்றவிட்டுக் கீழே இறக்குவேன்.

முதல் இரண்டு வாரம் படையல் போனபடியே வந்தது. சோறு தூறலில் ஊறியிருந்தது.

4. மடித்த இலை

மூன்றாவது வெள்ளி, மழை விட்டு மலையெல்லாம் மூட்டம். கூடையை அனுப்பினேன். அது மேட்டைத் தாண்டி மறைந்த கொஞ்ச நேரத்தில் எஞ்சின் ஒரு படி கீழே பேசியது.

நான் காதைத் தேய்த்துக்கொண்டேன். ஓர் ஆள் பாரம். மேட்டுக்கு அப்பால், நடு மலையில் ஏறியிருக்கிறது. உச்சி வந்ததும் விட்டுவிட்டது, எஞ்சின் பழைய குரலுக்கு வந்தது. பெண்கள் மூன்று பேரும் கண் முன்னால் பாய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு ஒருவரும் இல்லை.  வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயம்.

கூடை இறங்கி வந்தது. சோறு இல்லை, முட்டை இல்லை. இலை மடித்திருந்தது.

சாமி இலையை மடிக்காது. படைத்த சோற்றை எடுத்து நாம்தான் பங்கிட்டுக்கொள்வோம். குரங்கும் மடிக்காது. வயிறார உண்டு எழுந்த மனுஷன்தான், அதுவும் நம் வீட்டில் வளர்ந்தவன்தான், மேல்பாதியைத் தன் பக்கமாக மடிப்பான். அக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வந்து இலையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“காக்கா தின்னுட்டுப் போயிருச்சுன்னு சொல்லு” என்றாள். இலையைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டாள்.

அடுத்த வெள்ளியும் பாரம் ஏறியது. அதற்கடுத்த வெள்ளியும். நான் சாமி என்று நம்பிக்கொள்ளத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் எஞ்சின்காரன் காதை என்ன செய்வது? ஓடுகிற கயிற்றில் புதிதாகத் தொற்றுகிறவன் வெடுக்கென்று இழுப்பான், பெல்ட் கிறீச்சிடும். தொரைமார் எல்லாரும் அப்படித்தான். இந்தப் பாரம் மெல்ல மெல்ல ஏறியது. கயிற்றோடு நாலு அடி கூடவே நடந்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கொடுக்கிற கை. எஞ்சினின் வலி தெரிந்த ஆள். எனக்குத் தெரிந்து அந்தத் தோட்டத்தில் அப்படித் தொடுகிறவர் ஒருவர்தான் இருந்தார். நடுமலையில் ஏறுவதற்கும் காரணம் புரிந்தது. அந்த இடத்தில் பள்ளம் ஒன்று காட்டிலிருந்து வந்து முட்டும். மண்ணில் நடந்தால் தடம் பதியும், பாயில் பதியாது.

நானும் அக்காவும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நேர்த்திக்கடன் என்று சொல்லி, படையல் ஆக்குகிற முறையை அவளே எடுத்துக்கொண்டாள். கூடையின் எடை வாரத்துக்கு வாரம் கூடியது. சார்ஜன் மேலே விரித்த இலையை மட்டும் பார்ப்பார். அடியில் வாழைச்சருகுக்குக் கீழே அக்கா தன் பங்கு ரேஷன் அரிசிச் சோற்றை அமுக்கி வைத்திருப்பாள். அக்காவின் பெண்கள் மரவள்ளிக்கிழங்கு தின்று கண் உள்ளே போய்க் கிடந்தார்கள். சின்னவள் ஒருநாள் என் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அக்காமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை ஆனால் கூடையைக் கட்டி அனுப்பினேன்.

இப்படி இரண்டு மழைக்காலம் ஓடியது.

5. சார்ஜன் கேட்டது

ஒரு புதன்கிழமை சார்ஜன் கொட்டகைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தோட்டத்திலேயே இருந்து எங்கள் தமிழ் பேசப் பழகியவர். கெட்ட மனிதர் இல்லை.

“எஞ்சின், உங்க டாத்தோ முனி நல்லா மக்கான் பண்றாரு லா.”

“சாமி சாப்பிடுமா சார்ஜன். காக்கா குருவி கொத்திட்டுப் போவும்.”

“காக்காவா? காக்கா இலை மடிக்குமா?”

நான் குனிந்து கிரீஸ் டப்பாவை மூடினேன். அவர் எழுந்து என் தோளைத் தட்டினார்.

“ஜும்மாட், வெள்ளிக்கிழமை, மேலே என் ஆளு பத்துப் பேர் படுத்திருப்பான். காலையிலேயே போயிடுவான். நீ எப்பவும் போல கூடை அனுப்பு. நான் இங்கே உன் பக்கத்துல நிப்பேன். யார்கிட்டயும் சொல்லாதே. சொன்னா உன் அக்காவையும் முகாம் லாரியில ஏத்தணும், எனக்குப் புடிக்காது.”

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். கூடையின் அடியில் சோறு அகப்பட்டால் அக்காவுக்கு முகாம். அதனால் வெள்ளிக்கிழமை காலையில் அவளிடம், “அக்கா, இன்னைக்கு பாஸ்ல உள்ள அளவு மட்டும் வை. ஒரு பருக்கை கூட வேணாம்” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

அவள் என் முகத்தையே பார்த்தாள். “எத்தனை பேரு?” என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லாமல் போய்விட்டேன். பதில் சொல்லாததே பதில் என்று அப்போது தோன்றவில்லை.

6. பெல்ட்

அன்றும் மழை விட்டு மூட்டம். பாய் தேய்க்கிற பெண்கள் நிழல் நிழலாகத் தெரிந்தார்கள். சார்ஜன் கூடையைத் தானே சோதித்தார். இலையில் ஒரு பிடிச் சோறு, முட்டை, சுருட்டு. தலையை ஆட்டினார். கூடையைக் கட்டி, பெல்ட்டைப் போட்டேன்.

கூடை மேட்டைத் தாண்டியது. இன்றைக்கு வராதே மாமா, வராதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். கூடை உச்சியை எட்டப்போகிற நேரம், எஞ்சின் வெடுக்கென்று இழுபட்டது. பெல்ட் கிறீச்சிட்டது.

மாமா இல்லை. கயிற்றைத் தொட்டே பழகாத ஆள். பாரமும் ஓர் ஆள் பாரம் இல்லை, குறைவு. ஒட்டி உலர்ந்த ஒரு பெண்ணின் எடை. மூட்டத்தில் பார்த்தேன், பாயில் இரண்டு நிழல்தான் குனிந்திருந்தது.

மேலே பத்துத் துப்பாக்கி, மூட்டத்துக்குள்ளிருந்து கயிற்றோடு வரும் எந்த உருவத்தையும் சுடுவதற்கென்றே படுத்திருக்கிறது. என் பக்கத்தில் சார்ஜன். நான் யோசித்ததாகச் சொன்னால் பொய். குச்சியை எடுத்து பெல்ட்டைத் தட்டிவிட்டேன். அது துள்ளித் தரையில் விழுந்தது. டிரம் நின்றது. கொக்கி பல்லில் விழுந்த சத்தம் கேட்டது.

“ஏன் நிப்பாட்டினே?”

“பெல்ட் கழண்டுருச்சு சார்ஜன். ஈரம்.”

அவர் மலாயில் ஏதோ திட்டிக்கொண்டு மேலே இருப்பவர்களுக்கு விசில் ஊத வெளியே ஓடினார். கொட்டகையில் நான் மட்டும். அப்போது டிரம் அசைந்தது.

பின்பக்கமாக உருண்டது. பெல்ட் தரையில் கிடக்கிறது. இரும்புக் கொக்கி பல்லில் பிடித்துக்கொண்டு இருக்கிறது, என் கண்ணால் பார்க்கிறேன். கொக்கியைத் தூக்காமல் டிரம் பின்னால் போனால் பல் உடைய வேண்டும். உடையவில்லை, சத்தமும் இல்லை. நாலைந்து சுற்று, அவசரமில்லாமல், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் இறக்குகிறவள் கைபோல் மெதுவாகப் போய் நின்றது. நான் டிரம்மைத் தொட்டேன். ஐஸ்போல் இருந்தது. ஓடிய டிரம் சூடாகத்தான் இருக்க வேண்டும்.

வெளியே வந்து பார்த்தால் பாயில் மூன்று நிழல் குனிந்திருந்தது. அக்கா பிரஷ் போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கால் இரண்டும் நாரில் தேய்ந்து ரத்தம்.

சார்ஜன் பாதி மலையில் நின்ற கூடையை அவிழ்த்துக்கொண்டு வந்தார். அவர் ஆட்களும் கூடவே இறங்கி வந்தார்கள். கூடை உச்சியில், அவர்களுக்குப் பத்தடி தள்ளி, கொஞ்ச நேரம் நின்றதாம். பக்கத்தில் ஒருவரும் வரவில்லை என்று பத்துப் பேரும் சத்தியம் செய்தார்கள். அப்புறம் கூடை தானாகவே பின்னால் இறங்கி மூட்டத்துக்குள் போயிற்றாம். சார்ஜன் கூடையை என் காலடியில் வைத்தார். சோறு இல்லை. இலை மடித்திருந்தது. காலையில் கட்டிய அதே கயிற்று முடிச்சு அவிழாமல் இருந்தது.

“நீ எடுத்துட்டுப் போ. எனக்கு வேணாம்” என்றார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

என்னை இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்து விசாரித்தார்கள். பெல்ட் பழசு, ஈரத்தில் வழுக்கியது என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். தொரை வந்து, “ஆமாம், புது பெல்ட் கேட்டிருந்தான், நான்தான் வாங்கவில்லை” என்றார். நான் கேட்டதே இல்லை. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. நல்லா இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கேட்டேன். “சாகவா போனே?”

“அவரைத் திருப்பி அனுப்பத்தான் போனேன்” என்றாள். “நான் கூடையைத் தொடலடா. கட்டையைப் புடிச்சுக்கிட்டுத் தொங்குறேன், யாரோ என் கைக்குப் பக்கத்துல கயித்தப் புடிச்சு கீழ இறக்குனாங்க. கை தெரியல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. அவருதான்.”

முனியாண்டியின் பாஸை சார்ஜன் ரத்து செய்தார். அடுத்த மழையில் பாய்கள் மக்கின. தொரை ஊருக்குப் போனார், பாய்மலையில் லாலாங் புல் ஏறியது. அக்காவின் பெண்கள் மறுபடி சோறு தின்றார்கள்.

7. ரீடிங்

எமர்ஜென்சி முடிந்த பிறகு அக்காவுக்குப் போலீஸிலிருந்து காகிதம் வந்தது. நானும் கூடப் போனேன். அப்போது ரஹாங்கில் ஒரு லாரி வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தேன். ஓர் அதிகாரி தடித்த புத்தகத்தைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். செத்த பிறகு எடுத்த படம். கன்னையா மாமாதான். தாடி வளர்ந்திருந்தது, மற்றபடி அவரேதான். பகாங் பக்கத்துக் காட்டில் காய்ச்சலில் செத்துக் கிடந்தவரைக் கண்டெடுத்தார்களாம். பெயர் இப்போதுதான் தெரிந்ததாம். கீழே தேதி எழுதியிருந்தது.

அக்காவுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, ஆனால் எண் தெரியும். பஸ் ஸ்டாண்டு வரை வழியெல்லாம் விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். எண்ண வேண்டியதே இல்லை. அந்தத் தேதியில் குன்றில் பாய் விரிக்கவே இல்லை. வின்ச்சுக்கு நான் அடித்தளம் போட்டது அதற்கு எட்டு மாதம் கழித்து.

“ரெண்டு மழைக்காலம் எம்புள்ளைங்க அரை வயிறு” என்றாள். “நான் எவனுக்குடா ஊட்டுனேன்?”

அவள் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. புருஷன் செத்ததற்கு அவள் அழவில்லை. அந்தக் கேள்விதான் அவளைத் தின்றது.

“மாமாதான்க்கா” என்றேன். “தேதி தப்பு. அந்தக் காலத்து போலீஸ்காரன் எழுதுனது, என்னத்தைக் கண்டான். கயித்துல கை வச்ச விதம் எனக்குத் தெரியும். சத்தியமா அவருதான்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள். புருஷனைப் பறிகொடுத்த பெண்சாதி அழுகிற மாதிரி, வாய்விட்டு, பஸ் ஸ்டாண்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தம்பிகளா, தொழிலில் நான் கற்றது ஒன்றுதான். எஞ்சின் சொல்வதை அப்படியே எழுது, உனக்குப் பிடிக்காவிட்டாலும் எழுது. நாற்பது வருஷம் நான் ஒரு பொய் ரீடிங் எழுதியதில்லை. அன்று பஸ் ஸ்டாண்டில் ஒன்று சொன்னேன், தேதி தப்பு என்று. அக்கா போய்ச் சேரும்வரை அதைத் திருத்தவில்லை.